கம்ப்யூட்டர் படிக்காத வரிகள்

உ

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
10.8.2025, ஞாயிறு

அன்புள்ள பானுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ரெங்கநாதர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலிகூட இந்த வாரம் லீவு போட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறது. பெர்கனில் நீ சுகமா, மழை கொஞ்சமாவது விட்டதா, அந்த விட்டமின் மாத்திரையைப் போடுகிறாயா இல்லை டப்பாவை ஜன்னலில் அழகுக்கு வைத்திருக்கிறாயா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு வாரமாக அம்மா ஏன் போனை எடுக்கவில்லை என்று அப்பாவின் பட்டன் போனில் கூப்பிட்டுக் கேட்டாயாம், அவர் “ரிப்பேர்” என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். நடந்தது இதுதான். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டத்தில் இடித்துப் பிடித்து இறங்கி, காதோலை கருகமணியை வெற்றிலையில் வைத்து ஆற்றில் விடக் குனிந்தேன், இடுப்பில் செருகியிருந்த போன் எனக்கு முன்னால் காவேரிக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒரு புதுப்பெண் காலால் மிதித்துப் பிடித்து எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு “ஆறே உள்ள இருக்கும்மா, ஒரு பத்து நாள் காயட்டும்” என்று சொல்லியிருக்கிறார்.

போன் கையில் இருந்தாலும் இதைக் கடிதமாகத்தான் எழுதியிருப்பேன். போனில் சொன்னால் நீ நடுநடுவே கேள்வி கேட்பாய், எனக்கு எங்கே சிரிப்பு வரும் எங்கே அழுகை வரும் என்று எனக்கே தெரியாது, இரண்டு நாளாக இரண்டும் சேர்ந்து சேர்ந்து வருகிறது. காலையில் காபிக்குப் பதில் அப்பாவுக்கு ரசப்பொடி கலந்து கொடுத்தேன், அவரும் பாதி டம்ளர் குடித்த பிறகுதான் என்னைப் பார்த்தார். துப்பறியும் கதையில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பெண் நீ, அதனால் வேண்டுமென்றே பக்க எண் போடாமல் எழுதுகிறேன். வரிசையாகப் படி, குறுக்கே போகாதே.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் அம்மா பி.காம். கிடையாது. உட்கார்ந்துதானே படிக்கிறாய். எனக்கு 1990 ஜூனில் கல்யாணம், மே மாதமே பத்திரிகை அச்சாகிவிட்டது. பெண் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாவிட்டால் பத்திரிகை மொட்டையாக இருக்கும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு உண்டே. பரீட்சைதான் எழுதியாயிற்று, ரிசல்ட் வருவதெல்லாம் ஒரு சடங்கு என்று என் அப்பா “செல்வி சுபலட்சுமி, பி.காம்.” என்று தங்க எழுத்தில் போட்டு, ஊர் ஊராக நானூறு பத்திரிகையைக் கொடுத்து முடித்துவிட்டார். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது பேப்பரில் ரிசல்ட் வந்தது, என் நம்பர் இல்லை. மற்றதெல்லாம் பாஸ், புள்ளியியல் மட்டும் முப்பத்தொன்று, நாற்பது வேண்டும். என் அப்பா பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பந்தக்கால் நடப் போய்விட்டார், அதன்பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. உன் அப்பாவிடம் மட்டும் மூன்றாம் நாளே சொல்லிவிட்டேன், அவர் “ஒரு பேப்பர்தானே, எழுதிக்கலாம்” என்றார். அடுத்த பரீட்சை சமயம் மாமியாருக்கு ஆபரேஷன், அதற்கடுத்த வருஷம் வேறொன்று, அப்புறம் நீ, அப்புறம் வெட்கம். உன் ஸ்கூல் விண்ணப்பங்களில் தாயின் படிப்பு என்ற கட்டத்தில் நீயே பி.காம். என்று எழுதுவாய், நான் தடுத்ததில்லை. பத்தாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் குறைந்துபோய் நீ அழுதபோது, நான் எல்லாப் பேப்பரையும் ஒரே தடவையில் பாஸ் பண்ணினவள், நீ என் பெண் என்று பெரிதாகச் சொன்னேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வை பதினைந்து வருஷமாக என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் கண்ணு.

போன கார்த்திகையில் துறையூரில் உனக்கும் ஜெயக்குமாருக்கும் நிச்சயம் ஆயிற்றல்லவா. கல்யாணம் வரும் தையில்தான், அப்போது பதினான்கு மாதம் இருந்தது, ஆனால் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மறுநாளே கோடு போட்ட தாளில் பத்திரிகைக்கு மாதிரி எழுதிவிட்டார். “ரெங்கராஜ், சுபலட்சுமி பி.காம். தம்பதியின் புதல்வி” என்று அழகாக வந்திருந்தது. பழைய பத்திரிகையைப் பார்த்து எழுதினாராம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் கல்யாணத்தில் அச்சடித்தது போதாதா, என் பெண் கல்யாணத்திலும் அதே பொய்யா. எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் துறையூரில் ஏன் என்று கேட்பார்கள், உன் மாமியார் நிச்சயத்தன்றே “நீங்க பி.காம். ஆச்சே சம்பந்தி, நீங்களே சரி பாருங்க” என்று பந்தி லிஸ்ட்டை என் கையில் திணித்தவர். இப்படி எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நான் சுற்றிக்கொண்டிருந்தபோது, பொங்கலுக்கு அப்புறம் பேப்பரில் மூலையில் ஒரு சின்னச் செய்தி. பழைய மாணவர்கள் பாக்கிப் பேப்பரை எழுதிக்கொள்ள ஒரு சிறப்பு வாய்ப்பு, இந்த ஒரு தடவைதான். அப்பா அதைக் கத்தரித்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார்.

விண்ணப்பம் வாங்கப் போனால் கவுண்டரில் இருந்த பெண் “பொண்ணுக்காம்மா?” என்று கேட்டது. எனக்குப் பின்னால் நின்றவள் “இல்ல, பேத்திக்கு” என்றாள். அவள்தான் ஷஹனாஸ், உறையூரில் தையல் கடை வைத்திருக்கிறாள், என்னைவிட ஏழு வயது சின்னவள், அவளுக்கும் இதே புள்ளியியல்தான் பாக்கி. விழுந்து விழுந்து சிரித்தோம். “நமக்கென்னக்கா, பெயிலானா வாப்பா பெல்ட்டைத் தூக்கிட்டா வரப்போறாரு” என்று தைரியம் சொன்னாள். அவளுக்கு அந்தத் தைரியம் சரி, எனக்குப் பத்திரிகை தொங்கிக்கொண்டிருந்ததே.

இனிமேல்தான் உன் பங்கு வருகிறது. பாடமெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது, நீ விட்டுப்போன அந்தப் பழைய பெட்டியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். திட்ட விலக்கம் என்று ஒரு அம்மாள் பலகையில் எழுதுவார், எனக்கு ஐந்து நிமிஷத்தில் கொட்டாவி வரும், கை தானாகத் துண்டுப் படங்களைச் சேர்த்து முழுப் படமாக்குகிற அந்த விளையாட்டுக்குப் போய்விடும். அதில் பெர்கன் துறைமுகம் ஒன்று இருக்கிறது, சிவப்பும் மஞ்சளுமாக மர வீடுகள், ஐநூறு துண்டு. அதை மட்டும் பதினோரு தடவை சேர்த்திருக்கிறேன். நீ எந்த ஜன்னலில் இருப்பாய் என்று பார்த்துக்கொண்டே சேர்ப்பேன். இரண்டு தடவை பருப்பு தீய்ந்தது. நான் எழுந்தால் அப்பா உட்கார்ந்துவிடுவார். ரிடையர் ஆகி ஆறு வருஷமாகியும் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் அவரை விடவில்லை, எந்த ரயில் எங்கே வருகிறது என்று காட்டுகிற வெப்சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பல்லவன் லால்குடி தாண்டிவிட்டது, பல்லவன் ஸ்ரீரங்கம் வந்துவிட்டது என்று எனக்கு அறிவிப்புச் செய்துகொண்டிருப்பார். பல்லவனில் நமக்கு யாரும் வரவில்லை. இப்படியே போனால் முப்பத்தொன்றுகூட வாங்கமாட்டேன் என்று பயந்துதான் பிப்ரவரியில் உன்னிடம் கேட்டேன், ஒரு வெப்சைட்டைத் திறக்கவே முடியாமல் பண்ண வழி உண்டா என்று. எதற்கு என்று நீ கேட்டாய், அப்பா ரயிலைத் தடுக்க என்றேன். பாதி உண்மை.

நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஹோஸ்ட்ஸ் ஃபைல் என்று ஒரு சின்ன முகவரிக் குறிப்பு இருக்கிறது, எந்த வெப்சைட்டைக் கேட்டாலும் வெளியே விசாரிப்பதற்கு முன் அது முதலில் அதைத்தான் புரட்டிப் பார்க்கும், அங்கே அந்த வெப்சைட் பெயருக்கு 127.0.0.1 என்று எழுதி வைத்தால் போதும், அது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த நம்பர் என்றாய். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஸ்ரீரங்கத்துக்குப் புதிதாக வந்த ஆட்டோக்காரர் நம்மை ஏற்றிக்கொண்டு உத்தர வீதி சித்திரை வீதி எல்லாம் சுற்றிவிட்டு நம் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவது மாதிரி. நோட்பேடை நிர்வாகியாகத் திறக்க வேண்டும் என்று நீ சொன்னபடி திறந்தபோது அது என்னிடமே அனுமதி கேட்டது, முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டுக்கு நிர்வாகி யார் என்று அதற்கு யார் சொல்வது.

நீ சொன்ன மாதிரியே செய்தேன், ஒரு எழுத்து பிசகவில்லை, ஆனால் வேலை செய்யவில்லை. துண்டுப்படமும் திறக்கிறது, பல்லவனும் திறக்கிறது. நாலு நாள் போராடினேன், உன்னிடம் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஃபைலைப் பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு “உ” நிற்கிறது. பானு, எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போடாமல் என் கை நகராது, மளிகை லிஸ்ட்டுக்கே போடுகிறவள், இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போடாமல் இருப்பேனா. ஒவ்வொரு வெப்சைட்டும் ஒரு தனிக் காரியம் என்று வரிக்கு வரி போட்டு, அதை ஒட்டியே நம்பரை அடித்திருக்கிறேன். அது நம்பரை எதிர்பார்க்கிறது, முதலில் பிள்ளையார் நிற்கிறார், புரியாமல் வரியையே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடித்ததும் அப்பா சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எடுத்துவிடு என்றார், எடுக்கமாட்டேன் என்றேன், போட்ட சுழியை யாராவது அழிப்பார்களா. அவருக்குத்தான் எந்த மெஷினைப் பார்த்தாலும் அதன் மேல் ஒட்டியிருப்பதை முதலில் முழுக்கப் படிக்கிற பழக்கம் உண்டே. அந்த ஃபைலின் தலைப்பில் இங்கிலீஷில் பத்துப் பதினைந்து வரி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் முன்னால் # என்று அந்த நாலு கோட்டுக் குறி. அதைப் படித்துவிட்டுச் சொன்னார், இந்தக் குறி இருந்தால் அந்த வரியை மெஷின் படிக்காது, அது மனுஷங்களுக்கு மட்டும். ஆகவே எல்லா “உ”வையும் எடுத்து, தலைப்பில் ஒரே ஒரு உ, அதற்கு முன்னால் ஒரு #. பிள்ளையாருக்கு வேலி போட்ட மாதிரி ஆயிற்று. அடுத்த நிமிஷம் பெர்கன் மறைந்துபோனது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

அப்புறம் எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. நான் ரயிலைத் தடுத்தேன், முன்னால் மூன்று டபிள்யூ போட்டு அடித்தால் திறக்கிறது என்று அப்பா கண்டுபிடித்தார், முன்வாசலைப் பூட்டினால் கொல்லைப்பக்கமாக வருகிறார். அதையும் எழுதிப் பூட்டினேன். அவர் பழிக்குப் பழி என் புடவைக்கடை வெப்சைட்டைத் தடுத்தார். கடைசியில் அவரே ஒரு சட்டம் கொண்டுவந்தார், ஒர்க்ஷாப் சட்டம். அங்கே ரிப்பேருக்கு நிறுத்தின மெஷினில் நிறுத்தினவர் தன் பெயர் போட்டு ஒரு அட்டை மாட்டுவாராம், யார் மாட்டினாரோ அவரே வந்து கழற்றினால்தான் மெஷின் ஓடும், எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் வேறு கை படக்கூடாதாம். அதனால் ஃபைலில் ஒவ்வொரு தடைக்கும் மேலே # போட்டு ஒரு அட்டை. “# துண்டுப்படம். காரணம்: பருப்பு. ரெ.ரா.” என்று அவர் எழுதுவார். “# ரயில். காரணம்: பல்லவனில் நமக்கு யாரும் வரவில்லை. சு.ல.” என்று நான் எழுதுவேன். வாய்ப்பேச்சே குறைந்துபோய், சாம்பாரில் உப்பு கூடினால்கூட அவர் ஃபைலில் எழுதுகிற நிலைமை வந்தது. மெஷின் இதில் எதையும் படிக்காது, நாங்கள் இருவர் மட்டும் படிப்போம். எனக்கு இருபது வயதில் கல்யாணம் பானு, அந்த வயதில் அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதினதில்லை.

பரீட்சை மே ஆறாம் தேதி என்று வந்தது. எனக்கு அடுத்த வியாதி பிடித்தது, தள்ளிவைத்துவிட்டார்களா என்று பல்கலைக்கழக வெப்சைட்டைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பது. தள்ளிவைக்க மாட்டார்களா என்று ஆசைதான், வேறென்ன. ஒட்டுறவுக் கெழு ஒரு கணக்கு, வெப்சைட் ஒரு தடவை. ஏப்ரல் இரண்டாம் தேதி என் மேலேயே கோபம் வந்து அதையும் ஃபைலில் எழுதித் தடுத்துவிட்டு, அட்டையும் மாட்டினேன். ஹால் டிக்கெட்டைக் காலேஜிலேயே போய் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து படித்தேன் பார், நான் அப்படிப் படித்ததே இல்லை. அப்பா குக்கரைக் கவனித்துக்கொண்டார், மூன்று விசிலுக்குப் பதில் எட்டு விடுவார், களியாகச் சாப்பிட்டோம்.

பரீட்சையன்று ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனேன். ஹாலில் மேற்பார்வைக்கு வந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், “பேரண்ட்ஸ் வெளிய வெயிட் பண்ணணும்மா” என்றாள். நான் ஹால் டிக்கெட்டைக் காட்டினேன், அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, ஃபேனுக்கு அடியில் இருக்கிற பெஞ்சுக்கு மாறிக்கொள்ளலாமா என்று தலைமைக் கண்காணிப்பாளரிடம் போய் எனக்காகக் கேட்டு வந்தாள், நன்றாக இருக்கட்டும். விடைத்தாளில் வேறு குறி எதுவும் போடக்கூடாது என்று அச்சடித்திருந்தது. பிள்ளையார் சுழியை மை இல்லாமல் விரலாலேயே போட்டேன். மூன்று மணி நேரம் தலை நிமிரவில்லை. வெளியே வந்து ஷஹனாஸும் நானும் கரும்பு ஜூஸ் குடித்தோம், ஏழாவது கணக்குக்கு அவளுக்கு ஒரு விடை, எனக்கு வேறு விடை. அதிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை ரிசல்ட். காலை பத்து மணிக்கு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். என் போன்தான் காய்ந்துகொண்டிருக்கிறதே, குளித்து, தாயார் சந்நிதிக்குப் போய்விட்டு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இந்தத் தளத்தை அடைய முடியவில்லை என்று வந்தது. ஊரே பார்க்கிறது, கூட்டம் என்று நினைத்தேன். பதினொன்று, அடைய முடியவில்லை. பன்னிரண்டு, அடைய முடியவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது, திறக்காதவரைக்கும் நான் பெயிலில்லை. அப்பா பின்னால் நாற்காலி போட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரம் படித்தார். பன்னிரண்டரைக்கு அவருடைய பட்டன் போனில் ஷஹனாஸ். “அக்கா நான் பாஸ், நாப்பத்தெட்டு” என்று கத்தினதில் அப்பா போனைக் காதிலிருந்து தூக்கிப் பிடித்தார். எப்படிப் பார்த்தாய், எனக்குத் திறக்கவே இல்லையே என்றேன். “எனக்கு பத்து மணிக்கே உடனே திறந்துச்சேக்கா, நம்பரச் சொல்லுங்க நான் பாக்குறேன்” என்றாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். எல்லோருக்கும் திறக்கிறது, எனக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் அது என்ன சகுனம். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பேப்பரில் என் நம்பர் இல்லாத மாதிரியே இருந்தது. அப்பா பேப்பரை மடித்துவிட்டு, “சுபா, அந்த ஃபைல ஒரு தடவ திறந்து பாரேன்” என்றார்.

நானேதான் பூட்டியிருக்கிறேன். ஏப்ரல் இரண்டாம் தேதி பூட்டிவிட்டு மறந்தே போய்விட்டேன். “# பல்கலைக்கழகம். காரணம்: பைத்தியம். பரீட்சை முடிந்ததும் எடுக்கவும். சு.ல.” என்று என் அட்டையே என்னைப் பார்த்து இளிக்கிறது. உங்களுக்குத் தெரியுமா என்று திரும்பிக் கேட்டேன், பத்து மணிக்கே தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை, நீங்களே எடுத்திருக்கலாமே என்று எனக்கு வந்த கோபத்துக்கு, “ஒன் அட்டை. நீதான் கழட்டணும். எப்ப ஒனக்குத் தைரியம் வருதோ அப்ப” என்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அப்போதுதான் என் வரிக்குக் கீழே இன்னொரு வரி இருப்பதைப் பார்த்தேன்.

நம் வீட்டு மிக்ஸியைப் பிரித்து மாட்டினால் அதன் அடியில் அப்பா சாக்பீஸால் என்ன எழுதுவார் என்று உனக்குத் தெரியும். உன் முதல் சைக்கிளைப் பழையதாக வாங்கி வந்து ஒரு வாரம் கழற்றிக் கழற்றிப் பூட்டிவிட்டு, மட்கார்டில் எழுதிக் கொடுத்தாரே, நீ அதை அழியாமல் ஒரு வருஷம் வைத்திருந்தாய். ஒர்க்ஷாப்பில் வேலை முடிந்த ரயில் பெட்டியில் அதைத்தான் எழுதுவாராம், தான் கையெழுத்துப் போட முடியும் என்று நம்பினால் மட்டும். ஃபைலில் அது இருந்தது. “# சுபா. பார்த்தாச்சு, ஓடும். ரெ.ரா. 6.5.25, காலை 7.40.” நான் பஸ் ஸ்டாப்புக்குப் போன பத்தாவது நிமிஷம். மூன்று மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, நான் திறக்கவில்லை, கம்ப்யூட்டர் படிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்குத் திரை தெரியவில்லை, புடவைத் தலைப்பால் கண்ணையும் கண்ணாடியையும் மாற்றி மாற்றித் துடைத்தேன். என் வரியை நானே அழித்தேன். சேமித்து, மூடித் திறந்தேன், உடனே வந்துவிட்டது. நம்பரை அடிக்கும்போது இரண்டு தடவை தப்பு. மூன்றாம் தடவை என் பெயர், பக்கத்தில் புள்ளியியல், அறுபத்து நான்கு, தேர்ச்சி. “ஷஹனாஸ்கிட்ட சொல்லு, ஏழாவது கணக்கு ஒன்னோடதுதான் சரி” என்று அப்பா சொன்னார். அப்புறம் அவர் எழுந்து குளியலறைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவைத்து முகம் கழுவினார், மூக்கை உறிஞ்சின சத்தம் இங்கே கேட்டது, ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இதற்கு அப்புறம்தான் பெரிய கஷ்டம். இதை யாரிடம் சொல்வது. எல்லோருக்கும் நான் முப்பத்தைந்து வருஷமாக பி.காம்., இன்றைக்குப் பாஸ் என்று யாரிடம் போய்ச் சொல்வேன். குதிக்க வேண்டும்போல் இருக்கிறது, குதித்தால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி மாடியிலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வீடாகக் கொடுத்துவிட்டேன், என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் பானுவுக்குப் பிரமோஷன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். யாராவது வாழ்த்துச் சொன்னால் நன்றி சொல்லிவை. இதுதான் கடைசிப் பொய், முடிந்தால் அதற்குள் ஒரு பிரமோஷனும் வாங்கிவிடு. ஆக இந்த உலகத்திலேயே விஷயம் தெரிந்தவர்கள் அப்பா, ஷஹனாஸ், இப்போது நீ. ஜெயக்குமாரிடம் சொல்வதானால் சொல், நல்ல பையன், சிரித்தாலும் முகத்துக்கு நேரே சிரிப்பான். துறையூருக்கு நானே நேரில் போய்ச் சொல்லலாம் என்று இருக்கிறேன், ஆனால் இன்றைக்கு இல்லை.

இனி உனக்கு. அந்த மாத்திரையைப் போடு. ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உன்னால் முடியாது என்று எதையாவது மூலையில் போட்டு வைத்திருந்தால் அதை எடுத்துத் தூசி தட்டிப் பார், நீச்சல் கற்றுக்கொள்ளப் போய் நிறுத்திவிட்டாயே அந்த மாதிரி. எல்லாப் பேப்பரையும் ஒரே தடவையில் பாஸ் பண்ணினவள் உன் அம்மா இல்லை, விட்ட ஒன்றைத் திரும்பப் போய் எழுதினவள், இனி அந்த அம்மாவை வைத்துக்கொள். தடைகளையெல்லாம் எடுத்துவிட்டோம், பல்லவன் திரும்ப ஓடுகிறது, நேற்று பெர்கனைப் பன்னிரண்டாம் தடவை சேர்த்தேன். ஃபைலில் இப்போது இருப்பது தலைப்பில் வேலிக்குள் ஒரு உ, கீழே அப்பாவின் அந்த ஒரு வரி, அவ்வளவுதான். அது அவர் அட்டை, நான் கழற்ற முடியாது, அவரும் கழற்றுகிற மாதிரித் தெரியவில்லை.

ரெங்கநாதரும் தாயாரும் உன்னை எப்போதும் காப்பாற்றட்டும், நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாகச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். இத்துடன் அப்பா எழுதிய பத்திரிகை மாதிரியை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், ஆவணிக்குள் பார்த்துச் சரி என்று எழுதிவிடு, அச்சகத்தில் கொடுக்க அவருக்குக் கை பரபரக்கிறது. உன் பெயர், மாப்பிள்ளை பெயர், முகூர்த்த நேரம் எது வேண்டுமானாலும் திருத்து, என் பெயர் இருக்கும் வரியில் மட்டும் கை வைக்காதே. அதை என் அப்பா அச்சடித்திருக்கிறார், நீ விண்ணப்பத்தில் நிரப்பியிருக்கிறாய், உன் அப்பா கோடு போட்ட தாளில் எழுதியிருக்கிறார். நான் என் கையால் ஒரு தடவைகூட எழுதினதில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன் அம்மா,
ரெ. சுபலட்சுமி, பி.காம்.